மூன்று சேன்-பியேர்களும் ஓர் ஆர்பான் நிலமும்

என் அம்மா அலமேலு ஆறு மாதம் விதவையாக இருந்தாள். அந்த ஆறு மாதத்தில்தான் அவள் நிலம் வாங்கினாள். அதற்கு முன் அவளால் முடியவில்லை. அதற்குப் பின் முடிந்திருக்காது. விதவையானது தவறுதலாக. நிலம் வாங்கியது தவறுதலாக அல்ல.

அவள் இறந்து ஒரு மாதம் ஆகிறது. ஊரில் அவளைப் பற்றி வேறு விதமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனவே நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் நில அளவையாளன். என் தொழிலில் ஊர்ப் பெயருக்கு மதிப்பு குறைவு. ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். பெயர் போதாது. பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் நின்ற கரையிலெல்லாம் இறங்கி, கையிலிருந்த சில புனிதர்களின் பெயரையே திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டு போனார்கள். அதனால் சேன்-பியேர் என்ற ஊர் உலகத்தில் பல இடங்களில் இருக்கிறது. அம்மாவின் கதைக்கு மூன்று போதும். ஒன்று மொரீஷியஸில், மோக்கா மலைத்தொடருக்குப் பின்னால், கரும்புக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊர். இன்னொன்று பக்கத்துத் தீவான ரெயூனியோனில், கடலோரத்தில். எங்களுடையதை விடப் பெரியது. மூன்றாவது பூமியின் மறுபக்கத்தில், மார்த்தினிக் தீவில். அந்த மூன்றாவதைப் பற்றி 1902 மே மாதம் வரை எங்கள் ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்ட பிறகும் அது மூன்றாவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பாவின் பெயர் மருதை. சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சுபவர். பதம் பார்ப்பதில் நல்ல கை என்று பெயர் வாங்கியவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தான் நிற்கும் ஆலையின் சர்க்கரை அவர் கண்ணுக்கு எப்போதும் கறுப்பாகவே தெரியும். அடுத்த ஆலையின் சர்க்கரை வெளுப்பாகத் தெரியும். இப்படியே ரிவியேர் டு ராம்பார், மாயெபூர் பக்கம் என்று தீவின் பாதி ஆலைகளைப் பார்த்து முடித்துவிட்டார். நான் பிறந்தபோதும் ஏதோ ஓர் ஆலையில்தான் இருந்தார்.

அம்மா களையெடுக்கும் பெண்கள் கூட்டத்தில் வேலை செய்தாள். கங்காணியை எங்கள் தீவில் சர்தார் என்பார்கள். அந்தக் கூட்டத்துக்குச் சர்தார் பழனியாண்டி. யார் எந்த வரிசையில் குனிய வேண்டும் என்று அவர்தான் சொல்வார். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி போகும். காய்ச்சலில் கிடந்தாலும் அதே கணக்கு. அம்மாவுக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை ஒன்றே ஒன்று: யாரும் தனக்கு வரிசை காட்டாத ஒரு துண்டு நிலம். பெரிய நிலம் வேண்டும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

1901-இல் அந்த ஆசைக்கு ஒரு வழி பிறந்தது. மாடுகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் ஒரு கொள்ளை நோய் வந்தது. வண்டி இழுக்க ஒரு மிருகமும் மிஞ்சவில்லை. ஆலைக்குத் தொலைவாக இருந்த கல்லாங்குத்து நிலங்களைத் தோட்டத்துத் துரை துண்டு போட்டு விற்கத் தொடங்கினார். விலையைக் கரும்பாகவே கட்டிக் கழிக்கலாம். முதலில் சிறிது பொன் கொடுத்தால் போதும். அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

"நிலம் வாங்கறதும் காலை வெட்டிக்கறதும் ஒண்ணு," என்றார் அப்பா.

மாடு இல்லாததால் ஆலையும் பாதி நாள்தான் ஓடியது. அவர் ரெயூனியோனிலிருந்த சேன்-பியேருக்குப் புறப்பட்டார். அங்கே ஓர் ஆலையில் பாகுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்வி. புறப்படும்போது அம்மாவைத் தேற்ற ஒரு வேடிக்கையும் சொன்னார்.

"சேன்-பியேர்லேர்ந்து சேன்-பியேருக்குத்தானே போறேன். யாராவது கேட்டா, ஊர்லதான் இருக்காருன்னு சொல்லு."

அம்மா சிரிக்கவில்லை. அவர் போன அடுத்த வாரமே ரயிலேறி போர் லூயிக்குப் போனாள். தோட்டத்து நிலங்களை எழுதிக் கொடுக்கும் நோட்டரியின் அலுவலகம் அங்கே இருந்தது. அங்கே எழுத்தராக இருந்தவர் ழான்-நோயெல். அவருடைய பாட்டனார் புதுச்சேரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். பேரனுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. தெரியும் என்று யாராவது நினைத்துவிட்டால் வருத்தப்படுவார். அம்மா அவரிடம் தீவின் கலப்பு மொழியான கிரியோலில் பேசினாள். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றாள். கல்யாணமான பெண் புருஷன் கையெழுத்து இல்லாமல் நிலம் வாங்க முடியாது, அவனை அழைத்து வா என்றார். புருஷன் சேன்-பியேரில் இருக்கிறார் என்றாள். பக்கம்தானே, நாளைக்கே அழைத்து வா என்றார். அவர் வேறு சேன்-பியேரில் இருக்கிறார் என்று விளக்கியதும், தான் என்ன செய்ய முடியும் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கப்பல்காரர்கள் வழியாக எப்போதாவது சொல்லி அனுப்புவார். அதுவும் நின்றது. எங்கள் தீவில் பிளேக் இருந்ததால் ரெயூனியோனில் எங்கள் கப்பல்களைக் கிட்டே வர விடவில்லை.

மே மாதம் செய்தி வந்தது. துரை வீட்டில் பத்திரிகை வாசித்தார்கள். சமையல்காரன் கேட்டுக்கொண்டிருந்தான். ஆலை வாசலில் வந்து சொன்னான். நெருப்பு மலை வெடித்து சேன்-பியேர் எரிந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அங்கே தப்பியவர் என்று சொல்ல ஆளே இல்லை.

ரெயூனியோனில் நெருப்பு மலை உண்டு என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அங்கே ஒரு சேன்-பியேர் உண்டு என்பதும் தெரியும், அப்பா போனதிலிருந்து. இரண்டு தகவலும் சரி. விடை மட்டும் தவறு. நான் வேலை செய்யும் இடங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு கோணத்தையும் சரியாக அளந்துவிட்டு, தவறான கல்லில் போய் நிற்பார்கள்.

அம்மா உடனே நம்பவில்லை. எந்த சேன்-பியேர் என்று துரையிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று சர்தாரைக் கெஞ்சினாள். துரையிடம் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மாதா கோயிலில் செத்தவர்களுக்காகத் துக்க மணி அடித்தார்கள். அதன்பிறகு யாரும் சந்தேகப்படவில்லை.

கருமாதி செய்யாவிட்டால் ஆவி அலையும் என்று ஊர் முடிவு செய்தது. உடல் இல்லாததால் தர்ப்பையில் ஆள் கட்ட வேண்டும். தர்ப்பைக்கு எங்கே போவது? கரும்புத் தோகையில் கட்டினார்கள். எனக்கு நான்கு வயது. நான்தான் கொள்ளி வைத்தேனாம். நினைவில்லை. பச்சைத் தோகை எரியாமல் வெகுநேரம் புகைந்ததை அம்மா சொல்லியிருக்கிறாள். "உங்கப்பாவை விட அது ஒரு எடத்துல நின்னுச்சு," என்பாள்.

பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். அம்மா வெள்ளை உடுத்தினாள். குங்குமத்தை அழித்தாள். அதற்கு மூன்றாம் நாள் சர்தார் அவளுக்கு வழக்கமான வரிசையைக் காட்டினார். அவளும் குனிந்தாள்.

ஆகஸ்டில் ஒருநாள், இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மீண்டும் போர் லூயிக்குப் போனாள். முந்தானையில் அந்தத் தாலிப் பொன் முடிந்திருந்தது. அன்று நடந்த பேச்சை அவள் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். பின்னாளில் ழான்-நோயெலும் தன் பங்கைச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போகின்றன.

"புருஷன் கையெழுத்து கொண்டுவந்தியா?" என்று கேட்டார் ழான்-நோயெல்.

"செத்துட்டார், மிஸ்யே. சேன்-பியேர்ல. நெருப்பு மலையில."

ழான்-நோயெல் எழுதுகோலைக் கீழே வைத்தார். அந்த ஊர் அழிந்த செய்தியைப் பத்திரிகையில் படித்து அவர் கண்ணீர் விட்டிருந்தார். ஆத்ம சாந்திப் பூசைக்குக் காணிக்கையும் கொடுத்திருந்தார். "உன் புருஷன் அவ்வளவு தூரமா போனான்?" என்றார்.

"கப்பல்லதான் போனார்."

இருவரும் மனமொத்துத் துக்கப்பட்டார்கள். ஆளுக்கு ஒரு ஊரை நினைத்துக்கொண்டு.

பிறகு அவர் தொழிலுக்குத் திரும்பினார். விதவை நிலம் வாங்கலாம், சாவுப் பத்திரம் மட்டும் வேண்டும் என்றார். ஊரே எரிந்துவிட்டது, பத்திரம் யார் கொடுப்பார்கள் என்றாள் அம்மா. அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். கல்யாணப் பத்திரத்தையாவது கொடு, அதை வைத்து ஏதாவது பார்க்கலாம் என்றார்.

"கல்யாணம் கோயில்ல நடந்துச்சு, மிஸ்யே."

"அரசாங்க ரிஜிஸ்தர்ல?"

"இல்ல."

"அப்ப உனக்குக் கல்யாணமே ஆகலை."

அம்மா என்னை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் நிறுத்தினாள். "இவன் என் மகன், மிஸ்யே."

"அது வேற விஷயம்," என்றார் ழான்-நோயெல். "நீ கல்யாணம் ஆகாத பொண்ணு. இருபத்தொண்ணு முடிஞ்சிருக்கா? முடிஞ்சிருக்கும். அது முடிஞ்சா எதுக்கும் யார் கையெழுத்தும் வேண்டாம். நிலம் வாங்கலாம், கல்யாணமும் பண்ணிக்கலாம்."

"மொதல்ல வந்தப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"மொதல்ல கல்யாணம் ஆச்சுன்னு சொன்னே. நான் நம்பினேன்."

இப்படி ஒரே மதியத்தில் விதவையாக உள்ளே போனவள் கன்னிப் பெண்ணாக வெளியே வந்தாள். பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது: அலமேலு, வயது வந்த கன்னி, கூலிவேலை. வெள்ளைச் சேலையோடு கைநாட்டு வைத்தாள். தாலிப் பொன் முதல் தவணைக்குப் போனது. கிடைத்தது ஓர் ஆர்பான், ஏக்கரை விடச் சற்றுப் பெரியது. பின்னாளில் நானே அளந்து பார்த்தேன். பத்திரத்தில் சொன்ன அளவு சரியாக இருந்தது. என் தொழிலில் இது அபூர்வம்.

நிலத்தில் மண்ணை விடக் கல் அதிகம். பகலில் சர்தாருடைய வரிசை, மாலையில் தன்னுடைய கல். பெயர்த்த கற்களை ஒரு மூலையில் அடுக்கினாள். அது வளர்ந்து ஆள் உயரத்துக்கு மேல் போனது. மாடு இல்லாததால் கரும்புக் கரணைகளைத் தலையில் சுமந்து வந்து நட்டாள்.

டிசம்பரில் அப்பா வந்தார். தடை தளர்ந்து முதலில் கிளம்பிய கப்பல்களில் ஒன்றில் வந்து, ரயிலில் சேன்-பியேர் நிலையத்தில் இறங்கினார். கையில் தகரப் பெட்டியும் புதுக் குடையும். எதிரே வந்தவர்கள் அவரைப் பார்த்து ஓடினார்கள். ஊரில் மறுபடி பிளேக் போலிருக்கிறது, தன்னை அண்டப் பயப்படுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். வீட்டில் ஆள் இல்லை. ஒரு கிழவர் மட்டும் தொலைவில் நின்றபடியே, அலமேலு அவள் நிலத்தில் இருக்கிறாள் என்றார். அவள் நிலமா என்று அப்பா சிரித்தாராம்.

அம்மா கல் பெயர்த்துக்கொண்டிருந்தாள். அவள் சேலையை அவர் தூரத்திலேயே பார்த்தார்.

"என்ன அலமேலு, யாரு போயிட்டா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கடப்பாரையைக் கீழே போடவில்லை.

"நீங்க," என்றாள்.

"நானா? எப்போ?"

"வைகாசியில."

அப்பா பெட்டியை இறக்கி அதன் மேல் உட்கார்ந்தார். "எனக்கு யாரும் சொல்லலையே," என்றார்.

பிறகு ஒன்றொன்றாகப் பேசி எடுத்தார்கள். எரிந்தது வேறு சேன்-பியேர், அமெரிக்கா பக்கம் எங்கேயோ என்று அப்பாவுக்கு அப்போதே தெரியும். அவர் இருந்த ஊரிலும் மணி அடித்தார்களாம். பெயரில் ஒன்றான ஊர் என்பதால் ஆலைக்கு அரை நாள் விடுமுறை விட்டார்களாம். அவர் அன்று நன்றாகத் தூங்கினாராம்.

"அப்ப நாங்க வெச்ச எள்ளும் தண்ணியும் யாருக்குப் போச்சு?" என்று கேட்டாள் அம்மா.

"அந்த ஊர்லயும் நம்ம ஆளுங்க கரும்பு வெட்டப் போயிருக்காங்களாம். காரைக்கால் பக்கத்துக்காரங்க. அவங்க குடிச்சிருப்பாங்க."

இதை அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பிறகு நான் விசாரித்தேன். அந்தத் தீவுக்கும் நம்மவர்கள் கப்பல் கப்பலாகப் போயிருக்கிறார்கள். அவர்களில் அன்று எரிந்தவர்களுக்காக எள்ளும் தண்ணீரும் இறைத்தது எத்தனை பேரோ தெரியாது. எங்கள் ஊர் இறைத்தது. பெயரை மட்டும் மாற்றிச் சொன்னது.

"சரி, இது யாரு நிலம்?" என்றார் அப்பா கடைசியில்.

"என்னுது."

"புருஷன் இல்லாம எப்படிக் கையெழுத்துப் போட்டே?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையாம்," என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த கல்லுக்குப் போனாள்.

ஊருக்கு இப்போது ஒரு சிக்கல். கருமாதி முடிந்தவனை வீட்டுக்குள் எப்படி விடுவது? அவனுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா? அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் தீட்டா? அப்பா மூன்று இரவு கோயில் மண்டபத்தில் படுத்தார். பூசாரி யோசித்துத் தன் தகப்பனார் சொன்ன ஒரு விதியை நினைவுக்குக் கொண்டுவந்தார். அப்படிப்பட்டவன் திரும்பப் பிறக்க வேண்டும். நெய்யும் நீரும் நிறைத்த பாத்திரத்தில் கருவில் இருப்பது போல உட்கார வேண்டும். எடுத்தபின் பிறந்த குழந்தைக்குச் செய்வதெல்லாம் செய்ய வேண்டும். கடைசியில் தன் மனைவியையே மறுபடி மணக்க வேண்டும்.

ஆள் உட்காரும் அளவுக்குப் பாத்திரம் எது? மூடிப்போன பழைய ஆலையில் பாகு காய்ச்சும் இரும்புக் கொப்பரை ஒன்று கிடந்தது. கழுவிக் கொண்டுவந்தார்கள். நெய் கிடைத்தவரை ஊற்றினார்கள். அப்பா முழங்காலை மடக்கி, கட்டைவிரலை உள்ளே வைத்துக் கை மூடி, கண்ணையும் மூடி உட்கார்ந்தார். கொப்பரை அவருக்குப் பழக்கமானது. ஆனால் அதுவரை வெளியே நின்றுதான் பழக்கம். சர்தார் பழனியாண்டி குடை பிடித்தார். வெளியே எடுத்ததும் குழந்தை அழ வேண்டும் என்றார் பூசாரி. குழந்தைக்குச் சிரிப்பு வந்தது. யாரோ கிள்ளினார்கள், அழுதது. அரைஞாண் கட்டினார்கள். நாக்கில் சர்க்கரைப் பாகு தொட்டு வைத்தார்கள். "பதம் ஏறிடுச்சு," என்றது குழந்தை. காதில் மூன்று தடவை மருதை என்று பெயர் சொன்னார்கள். வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை.

அதுவரை எல்லாம் அம்மாவுக்குச் சம்மதம். சிக்கல் அதற்குப் பிறகு வந்தது.

அம்மாவின் நிலத்தை ஒட்டி இருந்த துண்டைச் சர்தார் வாங்கியிருந்தார். கல் நீக்கிய நிலம் பக்கத்தில் இருப்பது அவர் கண்ணில் பட்டது. இந்த முறை கல்யாணத்தை முறையாகச் செய்வோம், கோயிலிலும் செய்வோம், அரசாங்க ரிஜிஸ்தரிலும் எழுதுவோம் என்று ஊரில் பேசினார். அப்பாவிடம் தனியாக மீதியைப் பேசினார். ரிஜிஸ்தர் ஆனால் நிலத்துக்கு அப்பாவின் கைதான் கை. தனக்கு விட்டுக் கொடுத்தால் அம்மாவுக்குப் பொன் தாலியும், அப்பாவுக்கு மாயெபூர் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஆலையில் வேலையும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அப்பா இதை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. நல்ல சேதி என்று அம்மாவிடமே வந்து சொன்னார். அங்கே சர்க்கரை வெளுப்பாக இருக்குமாம்.

கல்யாணமே வேண்டாம் என்றால் ஊர் அவளை விட்டு வைக்காது. திரும்பி வந்த புருஷனைத் தள்ளியவள் என்ற பெயரோடு அங்கே ஒரு குடம் தண்ணீர் எடுக்க முடியாது. ரிஜிஸ்தருக்குச் சரி என்றால் நிலம் போகும். அம்மா அன்றிரவு என்ன யோசித்தாள் என்று சொன்னதில்லை. மறுநாள் நாள் குறிக்கக் கோயிலில் கூடியபோது பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள்.

"பூசாரி ஐயா, இவர் எப்போ பொறந்தார்?"

"போன வெள்ளிக்கிழமை," என்றார் பூசாரி.

"அதுக்கு முன்னாடி இதே பேர்ல ஒருத்தர் இருந்தாரே?"

"அவர்தான் போயிட்டாரேம்மா. கருமாதி ஆச்சே."

"அப்ப கோயில்ல தாலி கட்டட்டும், கழுத்தை நீட்டறேன். நம்ம சாமி வயசு கேக்காது. ஆனா ரிஜிஸ்தர்ல இருபத்தொண்ணு முடியணும்னு அந்த மிஸ்யே சொன்னார். எட்டு நாள் புள்ளைய எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. சர்தார் எழுந்தார். "என்ன அலமேலு, சாமி சந்நிதியில விளையாட்டா?"

"கொப்பரையில உக்கார வெச்சது விளையாட்டுன்னா சொல்லிடுங்க, சர்தார். அப்ப கருமாதியும் விளையாட்டுதான். என் தாலியைத் திருப்பிக் குடுங்க."

அரசாங்கத்துக்குக் கொப்பரையைப் பற்றி ஒன்றும் தெரியாது, அப்பாவின் பழைய வயதையே அது எழுதிக்கொள்ளும் என்பது அங்கே பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் போன வெள்ளிக்கிழமை நடந்தது பொய் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அப்பா மறுபடி செத்தவர். பூசாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவள் சொல்வதில் முறை இருக்கிறது என்றார்.

தாலிக்குப் பொன் இல்லை. மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டினார்கள். பொன்னுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று அப்பா சொன்னதற்கு, "வேண்டாம். என் தாலி அங்க நட்டிருக்கு," என்றாளாம்.

அப்பா ஆலை ஆலையாகப் போவது நிற்கவில்லை. ஆனால் திரும்பி வர ஓர் இடம் இருந்ததால் திரும்பி வந்தார். தங்கை காமாட்சி பிறந்தாள். எங்கள் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இல்லை. அப்பா போய்ச் சொல்லியிருந்தால் சேர்த்திருப்பார்கள். அவர் போகவில்லை. அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து நில அளவைச் சான்றிதழ் வரை என் குடும்பப் பெயர் அலமேலு. மற்ற சர்வேயர்கள் அதை ஒரு பிரெஞ்சுப் பெயர் போல உச்சரிப்பார்கள்.

1920-இல் சர்க்கரை விலை வானத்துக்குப் போனது. நிலம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றை அடகு வைத்து மூன்றை வாங்கினார்கள். சர்தாரும் வாங்கினார். அப்பா துடித்தார். ஒரே ஒரு ரிஜிஸ்தர் கல்யாணம், ஒரே ஒரு கையெழுத்து, பத்து ஆர்பானுக்கு முதலாளி ஆகலாம் என்றார்.

"உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு," என்றாள் அம்மா.

அடுத்த ஆண்டே விலை விழுந்தது. அடகு வைத்தவர்களின் நிலங்களை ஏலம் போட அளந்து கொடுத்ததுதான் என் முதல் வேலை. சர்தாருடையதையும் அளந்தேன். அம்மாவின் எல்லைக்கல்லில் நின்றுதான் அதை அளக்க வேண்டியிருந்தது.

1923 டிசம்பரில் அப்பாவுக்கு இருபத்தொன்று முடிந்தது. ஊர் மறந்துவிட்டது. அம்மா மறக்கவில்லை. நான் அன்று வீட்டில் இருந்தேன். அப்பா முற்றத்தில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னியோட உங்களுக்கு வயசு வந்தாச்சு. ரிஜிஸ்தருக்குப் போலாமா?" என்றாள். கேலி இல்லை. சொன்ன வாக்கு என்றுதான் கேட்டாள்.

அப்பா அரிவாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "போனா எனக்குக் கை வரும். கை வந்தா வித்துடுவேன். அது எனக்கே தெரியும், அலமேலு. நீயே வெச்சுக்க."

அம்மா உள்ளே போய்க் காப்பி போட்டு எடுத்து வந்தாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இந்த ஜூனில் அம்மா காய்ச்சல் கண்டு நான்காம் நாள் போனாள். குங்குமம் வைத்து, பட்டுச் சேலை கட்டி, சுமங்கலியாகத்தான் எடுத்துப் போனோம். பெண்கள் அவள் கொடுத்து வைத்தவள் என்றார்கள். மறுநாள் காலை சாவைப் பதிய அப்பாவும் நானும் சேன்-பியேர் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த இளைஞன் மரியாதையாகக் கேட்டான். பெயர், வயது, தொழில். சிறு விவசாயி என்றேன். கல்யாணம் ஆனவரா என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள், பதிவு உண்டா என்றான். இல்லை என்றேன். மணமாகாதவர் என்று எழுதினான்.

அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவன் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியதால் கேட்டது.

"அப்ப நான் யாருன்னு கேளு," என்றார்.

நான் கேட்டேன். இளைஞன் யோசித்தான். "சாட்சியாகப் போடலாம். சாட்சி வேண்டும்," என்றான்.

அப்பாவின் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தான். அரசாங்கத் தாளில் அவள் பெயர் இருக்கும் பக்கத்தில் அவர் வைத்த ஒரே கைநாட்டு அது. மையைத் துடைக்கத் துணி கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு நடந்தோம். அவளுடைய கரும்பு முற்றிப் பூவெடுத்து நின்றது. ஆலை அடுத்த வாரம் திறக்கும். அப்பா வரப்பில் நின்றார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இந்த வருஷம் வெட்டலாமா?" என்றார்.

யாரைக் கேட்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. சட்டப்படி நிலம் எனக்கும் காமாட்சிக்கும். சாட்சிக்கு அதில் பங்கு இல்லை.

"வெட்டுங்கப்பா."

"எந்த ஓரத்துலேர்ந்து எடுக்கட்டும்?"

அந்த நிலத்தை நான் அளந்திருக்கிறேன். ஒரு கரும்புகூட வெட்டியதில்லை. "எனக்குத் தெரியாதுப்பா," என்றேன்.

அவர் கல் குவியல் இருந்த மூலையைக் காட்டி, "அவ அங்கேர்ந்துதான் எடுப்பா," என்று சொல்லிவிட்டு அரிவாள் எடுக்க வீட்டுக்குப் போனார்.